ஏழாம் நம்பர் ஃபோர்க்

என் சித்தப்பாவின் வண்டியில் பாதி எனக்குச் சொந்தம் என்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. காலை எட்டேகாலுக்கு வாசலில் அந்த டூ ஸ்ட்ரோக் வண்டி இரண்டு உதைக்கு முரண்டு பிடித்து மூன்றாவது உதைக்குக் கிளம்பும். நான் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, நீளமான சீட்டின் பின்பக்கம் ஏறி, அவருடைய சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொள்வேன். திருப்பூரில் எங்கள் பல்லடம் ரோட்டில் கம்பெனி வேன்களுக்கும் நூல் மூட்டை ஏற்றிய டெம்போக்களுக்கும் நடுவே அவர் புகுந்து புறப்படுவதை அம்மா ஒரு நாள் பார்த்திருந்தாலும் போதும், என்னை நடத்தியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பாள். அந்தப் பத்து நிமிடமும் சித்தப்பா ஏதாவது பேசிக்கொண்டே வருவார். காற்றில் பாதிதான் காதில் விழும். எல்லாவற்றுக்கும் ஆமாங்க சித்தப்பா, ஆமாங்க சித்தப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்போது இருபத்தாறு வயது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வாரம் ஆறு நாளும் பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிற மனிதருக்கு ஏழாவது நாள் புழுதியில் வண்டி ஓட்டியாக வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் காய்ந்து கிடந்தது. அவரும் அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேரும் அதற்குள் மண்ணைக் குவித்து மேடும் பள்ளமும் கட்டி, சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். நான் கரைமேல் உட்கார்ந்து பார்ப்பேன். பொங்கல் கழிந்து கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மண்பாதைப் பந்தயம் நடக்கப் போவதாகவும், அதில் ஓடியே தீருவதாகவும் அவர் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அப்பா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஒரே ஒரு சங்கடம்தான். வண்டி ரோட்டுக்குச் செய்த வண்டி. மேட்டிலிருந்து எகிறிக் குதித்தால் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க் அடிவரை அமுங்கி, இரும்பும் இரும்பும் இடிக்கிற சத்தம் கரைவரை கேட்கும். வலது மணிக்கட்டு வீங்கிப்போய், ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தப்பா இடது கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து அம்மா திட்டுவாள். மண்ணில் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளின் ஃபோர்க்கும் பின்சக்கரத்து ஷாக்கும் உயரமானவை, ஆழமாக இறங்கி ஏறுபவை. அவை இங்கே கடையில் கிடைக்காது. யாராவது வெளிநாட்டு வண்டி வைத்திருந்து கழித்துப் போட்டால்தான் உண்டு. அது மட்டும் கிடைத்துவிட்டால் பறந்துவிடுவேன் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆமாங்க சித்தப்பா என்றேன்.

கிடைத்தது. பல்லடத்தைத் தாண்டிப் பொங்கலூர் போகிற வழியில் ஒரு கோழிப்பண்ணை. பண்ணைக்காரரின் மகன் காலேஜ் படிக்கும்போது பந்தயப் பைத்தியம் பிடித்து, எங்கிருந்தோ ஜப்பான் வண்டிகளின் சாமான்களை வாங்கி வாங்கிக் குவித்துவிட்டு, பிறகு மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டானாம். குவியல் கொட்டகையில் கிடக்கிறதாம். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சித்தப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். சும்மா வேடிக்கை பார்க்க அல்ல. நான் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.

இதை விளக்கியாக வேண்டும். பனியன் துணி ரோல் ரோலாகச் சாயத்திலிருந்து வரும். எல்லாம் ஒரே நீலம் என்று பார்வைக்குத் தெரியும். ஆனால் ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் துளி வித்தியாசம் இருக்கும். ஒரு ரோலில் வெட்டிய முன்பக்கத்தோடு வேறு ரோலில் வெட்டிய கையைச் சேர்த்துத் தைத்துவிட்டால், கம்பெனி டியூப்லைட்டில் ஒன்றும் தெரியாது. வெயிலில் போட்டுக்கொண்டு போனால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். அதனால் வெட்டி முடித்த கையோடு ஒவ்வொரு துண்டின்மேலும் எண் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். அதற்கென்று கையில் பிடித்து அமுக்குகிற ஒரு மெஷின் உண்டு. அதன் பிறகு டைலரோ செக்கிங்கோ யாரும் துணியைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஏழோடு ஏழு, எட்டோடு எட்டு. சித்தப்பாவுக்கு இது தொழில் மட்டுமல்ல, சுபாவமாகவே ஆகிவிட்டது. வீட்டில் மோட்டாரைக் கழற்றினால்கூட நட்டு போல்ட்டுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டித்தான் வைப்பார். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு பழைய ஸ்டிக்கர் மெஷின் என் பொறுப்பில் இருந்தது. அதை நான் பென்சில் பெட்டியைவிடப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பண்ணைக் கொட்டகையின் கடைசியில், தீவன மூட்டைகளுக்குப் பின்னால் அந்தக் குவியல் கிடந்தது. கோழி எச்சமும் சிலந்தி வலையும் மூடிக் கிடந்த இரும்பைப் பார்த்ததும் சித்தப்பாவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. திருவிழாக் கடையில் என் முகம் அப்படிப் போயிருக்கும். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வெயிலில் வைத்தார்.

“ஏனுங்க, இதெல்லாம் என்ன வண்டியோடதுன்னு தம்பி ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காருங்களா?”

“எனக்கு இரும்புன்னு மட்டுந்தானுங்க தெரியும்” என்றார் பண்ணைக்காரர். “வேணுங்கறத எடுத்துக்கங்க. எம்பட தீவன வண்டியும் உங்க வண்டியாட்டவேதான். ஃபோர்க்கும் போச்சு, ஷாக்கும் போச்சு. அதுக்கு உங்களுதைக் கழட்டி மாட்டிட்டீங்கன்னா செரியாப் போச்சுங்க.”

அதுதான் பேச்சு. காசு பணம் எதுவும் இல்லை. பண்ணைக்காரரின் குவியலில் எங்கள் வண்டிக்குப் பொருந்துவது சித்தப்பாவுக்கு. சித்தப்பா வண்டியின் ஃபோர்க்கும் ஷாக்கும் தீவன வண்டிக்கு.

எது எந்த வண்டியுடையது என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. குவியலில் ஃபோர்க் கால்கள் மூன்று இருந்தன. பிரேக் மாட்டுவதற்குக் காது இருந்தால் அது இடது கால் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். அந்தக் கணக்கில் வலது ஒன்று, இடது இரண்டு. இரண்டு இடதும் ஒரே உயரம், ஒரே அழுக்கு, ஒரே வார்ப்பு. வார்ப்பில் இருந்த எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. சித்தப்பா பளபளக்கும் குழாயின்மேல் நகத்தை ஓட்டி, துரு குழி பறித்திருக்கிறதா என்று பார்த்தார். தீவனம் நிறுக்கும் தராசின் பலகையில் ஒவ்வொன்றையும் உருட்டி, வளைந்திருந்தால் தடுமாறுமே என்று குனிந்து கவனித்தார். மூன்றும் நேராக உருண்டன. கடைசியில் பக்கத்து நிட்டிங் யூனிட் ஃபிட்டரிடம் இரவல் வாங்கி வந்திருந்த, மில்லிக்கணக்கில் அளக்கிற வெர்னியரை எடுத்துக் குழாயைக் கவ்வினார். வலது கால் நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். முதல் இடதும் நாற்பத்து மூன்று. இரண்டாவது இடது நாற்பத்தொன்று.

“ரெண்டே மில்லி. கண்ணுக்குத் தெரியாது பாத்தியா கண்ணு? ஆனா ஒண்ணு நாப்பத்திமூணு, ஒண்ணு நாப்பத்தொண்ணுன்னு மாட்டுனா கை ஷேடு மாறுன பனியனாட்டந்தான். போட முடியாது.”

நாற்பத்து மூன்றுக்கு ஏழாம் எண், நாற்பத்தொன்றுக்கு எட்டாம் எண். நான் ஒட்டினேன். மேலே கால்களைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் இரண்டு இருந்ததில் பெரிய ஓட்டை உள்ளதற்கு ஏழு, சின்னதற்கு எட்டு. பக்கத்தில் கேஸ் டப்பா வைத்த பின்சக்கர ஷாக் ஒரு ஜோடி, அதற்கும் ஏழு. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பண்ணைக்காரர்கூட, பாப்பா கெட்டி வேலைக்காரியாட்ட இருக்குதே என்றார்.

அப்புறம் அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார். “இந்தச் சீட்டையுஞ் சேத்துக் குடுத்துருங்க. எம்பட சீட்டு பிஞ்சு போச்சு, மூட்டை நிக்க மாட்டீங்குது. பந்தய வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு நீளம்?”

“அதுக்கென்னங்க, எடுத்துக்கங்க” என்றார் சித்தப்பா.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒற்றை ஆள் சீட்டு ஒன்று செய்து வைத்திருக்கிறேன், பின்னால் கால் வைக்கிற கம்பியைக்கூட அறுத்துவிடப் போகிறேன் என்று அவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே டீ குடிக்கப் போனார். நான் வெயிலில் இரும்புகளுக்கு நடுவில் நின்றேன். அன்று எனக்கு வந்த கோபம் மாதிரி ஒரு கோபம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. கல்யாணமான பிறகும் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். நாளைக்குக் காலையில் எட்டேகாலுக்கு நான் எதைப் பிடித்துக்கொண்டு போவேன்? யார் என்னோடு பேசுவார்கள்? வண்டி பந்தயத்துக்குப் போய்விட்டால் சித்தப்பாவும் வண்டியோடு எங்கேயோ போய்விடுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் இரண்டு இடது கால்களிலும் இருந்த ஸ்டிக்கர்களை நகத்தால் மெல்ல உரித்தேன். ஏழாம் எண்ணை நாற்பத்தொன்றின் மேலும், எட்டாம் எண்ணை நாற்பத்து மூன்றின் மேலும் வைத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன். என் திட்டம் சுலபமானது. பொருந்தாமல் போனால் பழையதையே திரும்ப வாங்கி மாட்டிக்கொள்வார். கூடவே சீட்டும் வந்துவிடும்.

சித்தப்பா டீ குடித்துவிட்டு வந்து ஏழாம் எண் ஒட்டியதையெல்லாம் எடுத்து ஒரு சாக்கில் போட்டார். மறுபடி அளக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு எந்தக் கட்டிங் மாஸ்டர் அளப்பார்?

மத்தியானத்துக்குள் எங்கள் ஃபோர்க்கும் ஷாக்கும் சீட்டும் தீவன வண்டிக்கு மாறிவிட்டன. அந்த ஆள் அதை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் ஒரு தீவன மூட்டையைத் தூக்கி என் இடத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினார். கட்டி முடித்து அதைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் வண்டியின் மிச்சத்தைத் திருப்பூருக்குக் கோழி ஏற்றிப் போகும் டெம்போவில் தூக்கிப் போட்டு, கூண்டுகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் உட்கார்ந்து வந்தோம். சித்தப்பாவின் மடியில் சாக்கு இருந்தது. குழந்தையைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்திருந்தார். வழி நெடுக அவர் பேசியதில் ஒரு வார்த்தைக்கும் நான் ஆமாங்க சொல்லவில்லை. கோழி நாற்றத்தில் பாப்பாவுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று அவர் வீட்டில் சொன்னார்.

கிளாம்ப்பின் தண்டை எங்கள் வண்டிக்குத் தோதாகக் கடைந்து வாங்க லேத் பட்டறையில் இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். அந்த இரண்டு வாரமும் நான் டவுன் பஸ்ஸில் நெரிசலில் நசுங்கிப் பள்ளிக்குப் போனேன். நசுங்கினாலும் நம்பிக்கையோடுதான் போனேன். மாட்டுகிற நாள் வந்தது. சித்தப்பா வலது காலைக் கிளாம்ப்பில் நுழைத்து முறுக்கினார், கச்சிதமாக நின்றது. இடது காலை நுழைத்து முறுக்கினார். முறுக்கி முடித்த பிறகும் அது கையால் சுற்றினால் சுற்றியது. இன்னும் முறுக்கிப் பார்த்தார். பிறகு கழற்றி, ஸ்டிக்கரைப் பார்த்து, வெர்னியரை வைத்தார். நெடுநேரம் அந்த அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“நாந்தான் தப்பாப் படிச்சுச் சொல்லிட்டனாட்ட இருக்குது” என்றார் அம்மாவிடம். “பாப்பா நாஞ் சொன்ன நம்பரத்தான ஒட்டியிருக்கும்.”

அப்போதாவது நான் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

அவர் அன்றைக்கே பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனார். அங்கே ஒரு பேட்ச் கோழி போய், அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குவதற்காகக் கொட்டகை முழுவதையும் காலி செய்து, கழுவி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். குவியலைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போய் நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் பழைய ஃபோர்க்கைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும், மாற்றிக்கொண்டது மாற்றிக்கொண்டதுதானே. சட்டைக் கையில் சுண்ணாம்போடு அவர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் போட்ட கணக்கில் இப்படி ஒரு விடை இல்லவே இல்லை. சீட்டும் போயிற்று, ஃபோர்க்கும் போயிற்று.

மார்கழி முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அவர் பஸ்ஸில் ஏறி அவிநாசி, கோயமுத்தூர், சேலம் வரைக்கும் பழைய இரும்புக் கடைகளாகத் தேடினார். வெர்னியரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். என்னைக் கூப்பிடவில்லை. நாற்பத்து மூன்றில் ஒரு இடது கால் எங்கும் அகப்படவில்லை. பொங்கல் வந்தது, போனது. பந்தயமும் நடந்து முடிந்தது. வண்டி எங்கள் வீட்டுப் பின்புறம் இரண்டு ஹாலோ பிளாக் கற்கள்மேல், முன்சக்கரம் இல்லாமல் நின்றது. அம்மா அதில் துணி காயப்போடத் தொடங்கினாள்.

தை கடைசியில், நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: “போன வருசமே ஜோர்டான் நாட்டுக் கம்பெனிக்குக் கூப்பிட்டாங்க. ரேசு ஓடாம ஊரை உட்டுப் போகமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னான். இப்ப என்னடான்னா அவனாவே போறேங்கறான்.” நான் ஏழாம் வாய்ப்பாட்டை மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். ஷேடு மாறிய ஒரு பீஸை என்னைத் தாண்டி அனுப்பிவிட முடியாது என்று என்னைப் பற்றிப் பெயர் உண்டு. கேட்கும்போது சிரிப்பு வரும். சித்தப்பா இரண்டு வருடம் என்று போனவர், ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி ஆறு வருடம் கழித்து வந்தார். எனக்குப் பதினாறு வயது. அவர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்தார். தலைமுடி முன்னால் கொட்டியிருந்தது. பெரிய பெண்ணாகிவிட்டதால் என்னை வாம்மா போம்மா என்று மரியாதையாகப் பேசினார். எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. கண்ணு என்று ஒரு தடவை கூப்பிடமாட்டாரா என்று அந்த ஒரு மாதமும் அவர் உட்கார்ந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, காபி கொடுத்துவிட்டு, கொடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாலையில் பல்லடம் ரோட்டில் யாராவது ஒரு பெண் குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பேசியபடி போவதைப் பார்த்தால், இந்த வயதிலும் என் கை எதையாவது கொத்தாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அவர் புறப்பட்ட நாளில் எனக்கு இந்த ஏக்கம் எதுவும் தெரியாது. மாசி மாதம். சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும் என்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். அப்பா புதுப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டச் சொல்லிக் கண்டக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தார். சித்தப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“ரெண்டே வருசந்தாங் கண்ணு. வந்ததும் புது வண்டி எடுக்கறோம்.”

“நீள சீட்டுங்களா சித்தப்பா?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “நீள சீட்டுத்தான். உனக்கில்லாம வேற ஆருக்கு?” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா திரும்பி நின்றுகொண்டார். நான் பஸ் வளைவில் மறையும் வரை குதித்துக் குதித்துக் கையாட்டினேன். வண்டி பந்தயத்துக்குப் போகவில்லை. சித்தப்பா பறந்து போய்விடவும் இல்லை, என் இடம் எனக்குத் திரும்பி வரப் போகிறது. கொஞ்சம் தாமதமானாலும் நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உனக்கு அழுகையே வரலையாடி என்று அம்மா கேட்டாள்.

“எதுக்கும்மா அழோணும்? சித்தப்பா வண்டி வாங்கத்தான போறாரு” என்றேன்.